கரண்ட் வண்டியும் சுண்டெலியின் வயிறும்

மார்ச் 3, திங்கள்

பழைய டீசல் வண்டியை டாக்ஸி கம்பெனி இன்று திரும்ப வாங்கிக்கொண்டது. இத்தனை வருஷம் ஓட்டியவன் சாவியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதிலுக்குக் கரண்ட் வண்டி. வெள்ளை. உள்ளே செருப்புக் கடை வாசனை. "ஸ்டார்ட் பண்ணுமா" என்றேன். "அப்பவே ஆயிடுச்சு சார்" என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். சத்தமே இல்லை.

பழைய வண்டியை மிதித்தால் முதலில் யோசிக்கும், அப்புறம் இருமும், அப்புறம் பெரிய மனது பண்ணிக் கிளம்பும். அந்த நினைப்பிலேயே ஒரு மிதி மிதித்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி கழுவுகிற இடத்துத் தண்ணீர் டிரம்மை இடித்தாயிற்று. டிரம் உருண்டு உருண்டு மேனேஜர் அறை வாசலில் போய் நின்றது, என்னைப் பற்றி மனு கொடுக்கப் போன மாதிரி.

"சார், கால் வெயிட்டைக் குறைக்கணும்."

"உடம்பு வெயிட்டையே குறைக்கச் சொல்லி டாக்டர் கரடியாக் கத்துறார்மா. கால் மட்டும் தனியா எப்படிம்மா குறையும்?"

மொட்டை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். என்னோடு வேலைக்குச் சேர்ந்த டிரைவர். சேர்ந்த அன்றைக்கே தலையில் முடி இல்லை.

இன்னொரு வேடிக்கை. காலை எடுத்தால் வண்டி தானாக நிற்கிறது, யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி. மிதித்தால் பாய்ச்சல், எடுத்தால் இழுப்பு. நடுவில் மனுஷனுக்கு என்று ஒரு இடம் இருக்குமாம். தேடணும்.

மார்ச் 6, வியாழன்

சிக்னலில் கிளம்பியபோது பின்சீட்டுக்காரர் கையில் இருந்த காபி முழுக்க அவர் சட்டையில். கோட்டுப் போட்ட மனுஷன். "இன்டர்வியூக்குப் போறேன்யா" என்றார். செத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

என் நாள். என் பெண் சுண்டெலியின் அம்மாவும் நானும் பிரிந்தபோது கோர்ட் எனக்கு எழுதிக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமையை. மற்ற நாளெல்லாம் டிரைவர், ஞாயிறு மட்டும் அப்பா. அன்றைக்கு மட்டும் எவன் கூப்பிட்டாலும் ட்யூட்டிக்குப் போனதில்லை. வண்டி டிரைவர் வீட்டிலேயே நிற்கும் என்பதால் ஞாயிறு ஊர் சுற்றுவதும் அதிலேதான்.

சுண்டெலிக்குப் பத்து வயசு. பிறந்தபோது உள்ளங்கை அளவு இருந்தாள், பேர் ஒட்டிக்கொண்டது. புது வண்டியைப் பார்த்ததும் முன்சீட்டில் தாவி ஏறினாள். சரி, பெண்ணிடம் கொஞ்சம் பந்தா காட்டலாமே என்று — எனக்கு எப்போது புத்தி வரும்? — பாலத்துச் சிக்னலில் பக்கத்தில் ஒருத்தன் பெரிய பைக்கில் உறுமிக்கொண்டு நின்றான். பச்சை விழுந்ததும் ஒரே மிதி. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பைக் கொசு மாதிரி ஆயிற்று. சுண்டெலி "ஆஆஆ" என்று கத்தினாள். சந்தோஷக் கத்தல் என்று நினைத்தேன். அடுத்த ஆ வாந்தி.

பாலத்து ஓரத்தில் நிறுத்தி முகம் கழுவி விட்டேன். "அப்பா, என் வயிறு அந்த சிக்னல்லயே இருக்குப்பா. திரும்பப் போய் எடுத்துட்டு வரலாமா?" என்றாள். வெளிறிப் போன முகத்தோடு ஜோக். என் ரத்தம்தான், சந்தேகமே இல்லை.

சாயங்காலம் கொண்டுபோய் விட்டபோது அவள் அம்மா மோந்து பார்த்துவிட்டாள். "என்ன கண்ட கண்டதை வாங்கிக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல. வேகம்தான் கொஞ்சம் குடுத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் அவர் வந்து, "உள்ள வாங்களேன், காபி சாப்பிட்டுப் போலாம்" என்றார். அவளைப் போன வருஷம் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனுஷன். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதுதான் கடுப்பு.

மார்ச் 10, திங்கள்

பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். எஞ்சின் சத்தம் கேட்டால் வண்டி கிளம்பப் போகிறது என்று உடம்பு தயாராகிவிடுமாம். இதில் சத்தம் இல்லாததால் உடம்புக்கு நோட்டீஸ் போவதில்லை, வயிறு ஏமாந்துவிடுகிறது என்றாள். குழந்தைகளுக்கு ஜாஸ்தி வருமாம். "ஸ்மூத்தா எடுங்க சார், சரியாயிடும்."

சரியாக்குறேன். என்ன பெரிய விஷயம்.

மார்ச் 16, ஞாயிறு

அவள் தெருவைத் தாண்டியதும் மறுபடியும் வாந்தி. நான் இன்றைக்கு ஆமை மாதிரி ஓட்டினேன், சைக்கிள்காரன் திட்டிக்கொண்டே முந்திப் போனான். அப்படியும். பொம்மைக் கடை, ஐஸ்கிரீம், எதுவும் வேண்டாமாம். ஜன்னல் கண்ணாடியில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கோவமா?"

"உன் மேலயா? இந்த வண்டி மேலதான்டா."

"வண்டிய திட்டாதீங்கப்பா. பாவம்."

மார்ச் 19, புதன்

ட்யூட்டி முடிந்ததும் மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்துக்குப் போனேன். ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸ் காலோடு. தடித்த ஷூ போட்டுக்கொண்டு இந்தப் பெடலை மிதிப்பது, கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. சுண்டெலி உட்காருகிற சீட்டில் ஒரு தட்டு, தட்டில் ஒரு ரப்பர் பந்து. பந்து உருளாமல் கிளம்பணும், உருளாமல் நிற்கணும்.

உருண்டது. உருண்டு சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. குனிந்து எடுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுபடி உருண்டது. காய்கறி மூட்டை தூக்குகிற ஒருத்தர் கடைசியில் கிட்டே வந்து, "தம்பி, எதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

ஆமாங்க, என் கால் என்றேன்.

மார்ச் 22, சனி

பந்து அசையவில்லை! கிளம்பும்போது பெருவிரலால் மட்டும், பெடல் மேல் தூசி தட்டுகிற மாதிரி. நிறுத்தும்போது காலை எடுக்கவே கூடாது, மறந்துபோன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விடணும். பிடிபட்டுவிட்டது.

ஆனால் சத்தத்துக்கு என்ன பண்ணுவது? உடம்புக்கு நோட்டீஸ் போகணுமே. ஒரு யோசனை இருக்கிறது. பைத்தியக்கார யோசனை.

மார்ச் 23, ஞாயிறு

வேலை செய்தது!!

வண்டியை எடுக்கிறதுக்கு முன்னால் வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டேன். "க்கர்... க்கர்ர்... டுர்ர்ர்ரும்." பழைய டீசலின் அதே இருமல், அதே கமறல். சுண்டெலி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்பா, லூசாப்பா நீங்க?" என்றாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் ஒவ்வொரு சிக்னலிலும். நான் மறந்தால், "அப்பா, செகண்ட் கியர் போடல" என்று அவளே ஞாபகப்படுத்தினாள். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி ஓட்டினேன். இறக்கத்தில் அவள் பின்சீட்டுக்குப் போய் பஸ் கண்டக்டர் ஆகிவிட்டாள். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!" காலியான வண்டியில் அவளே ஏறி, அவளே இறங்கி, அவளே சில்லறைக்குச் சண்டை போட்டாள். நான் சிரித்ததில் ஒரு தடவை பிரேக்கை அழுத்திவிட்டேன், அப்பவும் அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஐஸ்கிரீம் ரெண்டு சாப்பிட்டாள். ரெண்டும் வயிற்றிலேயே இருந்தது.

பந்து உருளாத கால், வாயில் எஞ்சின். இந்த உலகத்தில் எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு மாடல் போட்டதில்லை. தொண்டைதான் கட்டிவிட்டது. பரவாயில்லை.

மார்ச் 26, புதன்

ஒரு பெரிய ஆபீஸ் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். இறங்கும்போது, "டிரைவர், வண்டில ஏதோ கரகரன்னு சத்தம் வருது. சர்வீஸுக்கு விடுங்க" என்றார். என்னை அறியாமலே போட்டிருக்கிறேன். "சரிங்க மேடம், ஆயில் மாத்திடறேன்" என்றேன்.

மொட்டையிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இப்போது டிப்போவில் எவனைப் பார்த்தாலும் டுர்ர்ரும் என்கிறான்.

மார்ச் 30, ஞாயிறு

சத்தம் வேண்டாமாம். "தலை வலிக்குதுப்பா." அவள் தெரு முனைகூடத் தாண்டவில்லை, வாந்தி. நான் தூசி தட்டுகிற மாதிரிதான் எடுத்தேன், சத்தியமாக. அந்தத் தட்டுப் பந்து அசைந்திருக்காது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை, திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

கேட்டுக்குள் போய்த் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். மெதுவாக, உடம்பு சரியில்லாதவங்க காட்டுற மாதிரி.

எங்கே தப்புப் பண்ணுகிறேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

பார்க்குக்கு நடந்தே கூட்டிப் போனேன். அரை மணி பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். என் வீட்டுக்கா என்றேன். அவள் காலால் மண்ணில் கோடு போட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வரவில்லை. வயிறு சரியில்லை என்று அவள் அம்மா போன் பண்ணினாள். ஃப்ரிட்ஜில் அவளுக்கு வாங்கி வைத்த ஐஸ்கிரீமை நானே தின்றேன். ஒன்றும் பிடிக்கவில்லை, இருந்தாலும் தின்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேனேஜரிடம் போய், ஒரே ஒரு பழைய வண்டி இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொடுங்கள் சார் என்றேன். எல்லாம் உடைக்கப் போயாச்சு என்றார். "உலகம் முன்னாடி போகுது, நீங்க என்னய்யா ரிவர்ஸ் கேக்குறீங்க?"

மொட்டைதான், வெளியே வந்து தோளில் கை போட்டான். "டேய், என் மச்சான்கிட்ட ஒரு பெட்ரோல் வண்டி இருக்கு. ஓட்டை உடசல். ஆனா நல்லா இருமும். ஞாயித்துக்கிழமை எடுத்துக்கோ." அவன் டுர்ர்ரும் சொல்லவில்லை. அதிலிருந்தே என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதணுமா இதை? எழுதுகிறேன்.

மொட்டையின் மச்சான் வண்டியில் போனேன். தெரு முனையில் திரும்பும்போதே தெருவுக்கே தெரியும், அவ்வளவு சத்தம். சுண்டெலி கேட்டில் நின்றிருந்தாள். "பாத்தியா, உனக்காக நிஜ எஞ்சின்!" என்றேன். அவள் ஏறவில்லை. வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஓரமாய்ப் போய்க் குனிந்தாள். வண்டி நகரவே இல்லை. நகராத வண்டி, ஏறாத பெண், அப்படியும் வாந்தி.

நடைபாதையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் என்னதான் முட்டாளாக இருந்தாலும் அந்த அளவுக்கு முட்டாள் இல்லை.

"வண்டி இல்ல, இல்லையாடா?"

தலையாட்டினாள். "முத நாள் மட்டும் நிஜமாவே வண்டிதான்பா. அப்புறம் இல்ல."

"அப்புறம்?"

"சொல்லக் கூடாதுப்பா."

"சரி, சொல்லாத."

அப்புறம் அவளே சொன்னாள். என்னைப் பார்க்காமல், செருப்பு வாரை இழுத்துக்கொண்டே. அந்தக் கண்ணாடி போட்டவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கப் போகிறது. எல்லோரும் போவதாக இருக்கிறார்கள். உறுதியான பிறகு அப்பாவிடம் நானே சொல்கிறேன், அதுவரை நீ சொல்லாதே, பாவம், வீணாகக் கவலைப்படுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"உங்களப் பாத்தா உடனே அது ஞாபகம் வருதுப்பா. வாய்க்குள்ளயே நிக்குது. அப்புறம் வாந்தி வருது."

ஒரு மாசத்துக்கு மேலாக இந்தக் குழந்தை ஒவ்வொரு ஞாயிறும் அதை விழுங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் பந்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு வரலையே? நான் டுர்ர்ரும் பண்ணினேனே, நீ கண்டக்டர் ஆனியே?"

"அன்னிக்கு மறந்துட்டேன்ப்பா."

ஏப்ரல் 21, திங்கள்

போன் பண்ணினேன். சுண்டெலியின் அம்மா எடுத்ததும் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பத்து வயசுப் பிள்ளைகிட்ட போய் — என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? என் ஞாயித்துக்கிழமைய மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறதுக்கு நீ யாரு? இன்னும் என்னென்னவோ.

நான் மூச்சு வாங்கியபோது, "தப்புதாங்க. அவகிட்ட சொல்லியிருக்கக் கூடாது. பயந்துட்டேன்" என்றாள். அப்புறம், "நீங்க வேணாம்னு சொல்லுங்க, நாங்க போகல. அவர் மட்டும் போயிட்டு வருவார். உங்க சம்மதம் இல்லாம நான் கூட்டிட்டுப் போக முடியாது, போகவும் மாட்டேன்."

சண்டை போடுவாள் என்று நினைத்து முழு வேகத்தில் வந்தேன். எதிரே ஆளே இல்லை.

வேணாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியது.

ஏப்ரல் 24, வியாழன்

வேணாம். வேணாம்னே சொல்லப் போறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கரண்ட் வண்டியிலேயே போனேன். ஏறினாள், கிளம்பினோம், ஒன்றும் ஆகவில்லை. ஆற்றோரத்தில் நிறுத்தினேன்.

"உனக்குப் போகணுமாடா?"

"போகணும்னு சொன்னா நீங்க அழுவீங்களா?"

"நானா? எனக்கு ஏசி காத்து கண்ணுல பட்டா தண்ணி வரும். அது வேற டிபார்ட்மெண்ட்."

சிரிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைப் பொத்தானால் ஏற்றினாள், இறக்கினாள், ஏற்றினாள். "அம்மா கேட்டா அப்பாவ விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொல்லணும். நீங்க கேட்டா அம்மாவ விட்டுட்டு இருக்க மாட்டேன்னு சொல்லணும். ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசுறீங்க. யாராவது ஒருத்தர் முடிவு பண்ணுங்களேன்ப்பா. எனக்கு வயிறு வலிக்குது."

வேணாம் என்று சொல்ல வந்தவன் நான். வாயில் தயாராக வைத்திருந்தேன்.

"அப்பா முடிவு பண்ணிட்டேன். நீ அம்மாவோட போற. இது என் முடிவு, உனக்கு இதுல சம்பந்தமே இல்ல. யாராவது கேட்டா அப்பாதான் துரத்தி விட்டாருன்னு சொல்லு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டாள், மூட்டையை இறக்கி வைத்த ஆள் விடுகிற மாதிரி. அப்புறம், "பசிக்குதுப்பா" என்றாள்.

மே 2, வெள்ளி

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மனுஷன் கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா.

மே 18, ஞாயிறு

நன்றாகச் சாப்பிடுகிறாள். ஒவ்வொரு ஞாயிறும் வாய் ஓயாத பேச்சு. அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நீச்சல் குளமாம். நான் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன். வாந்தி வந்த ஞாயிற்றுக்கிழமைகளே தேவலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீ. அப்பனா நான்?

ஜூன் 8, ஞாயிறு

ஏர்போர்ட்டுக்கு அவர்கள் பெட்டிகளோடு வேறு வண்டியில் முன்னால் போனார்கள். சுண்டெலியை நான் கொண்டு வருகிறேன் என்று கேட்டிருந்தேன். அவள் அம்மா சரி என்றுவிட்டாள்.

வழி முழுக்கப் பேசணும் என்று வைத்திருந்தேன். என்னென்ன சொல்லணும் என்று ஒரு வாரமாக யோசித்து, குளிக்கும்போது சொல்லிப் பார்த்து. நீந்தும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கோ. புது ஊரில் யாராவது கேலி பண்ணினால் நீ ரெண்டு மடங்கு கேலி பண்ணு, அந்த வித்தை நம் ரத்தத்தில் இருக்கு. அவர் நல்லவர், அவரை என்ன கூப்பிடணும் என்று தோன்றுகிறதோ கூப்பிடு, அப்பாவுக்கு வருத்தம் இல்லை. இதைச் சொல்வதுதான் கஷ்டம், அதனால் இதைப் பாலம் தாண்டியதும் முதலில் சொல்லிவிடணும் என்று நினைத்திருந்தேன்.

விடியற்காலையிலேயே எழுப்பியிருக்கிறார்கள் போல. வண்டியில் ஏறினாள், பெல்ட் போட்டாள், "அப்பா, மெதுவாப் போங்க, லேட்டானாலும் பரவால்ல" என்றாள். நான் எடுத்தேன். பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

ஒவ்வொரு சிக்னலிலும் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்து, கழுத்து சாய்ந்து. நிற்கிறபோது அசையவில்லை. கிளம்புகிறபோது அசையவில்லை. அவ்வளவு பழகியிருக்கிறது இந்தக் கால். ஒரே ஒரு தடவை, அந்த முதல் நாள் மாதிரி, கொஞ்சம் அழுத்தி மிதித்திருந்தால் முழித்திருப்பாள். பேசியிருக்கலாம். பெருவிரல் பெடல் மேல்தான் இருந்தது.

மனசு வரவில்லை. குழந்தை தூங்குது.

ஏர்போர்ட் வாசலில் நிறுத்தினேன். நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் அம்மா வந்து கதவைத் திறந்துதான் எழுப்பினாள். "அதுக்குள்ள வந்தாச்சா?" என்று கண்ணைக் கசக்கினாள். அப்புறம் எல்லாம் அவசரம். பெட்டி, வரிசை, ஒரு தடவை கட்டிக்கொண்டது. அவள் தலையில் தூக்க வாசனை.

ஒன்றுமே சொல்லவில்லை நான்.

ஜூன் 9, திங்கள்

லீவு போட்டேன். மொட்டை வந்தான். டீ போட்டுக் கொடுத்தான். உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

ஜூன் 22, ஞாயிறு

தூங்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் சுண்டெலி போன். மூஞ்சி தெரிகிற மாதிரி. கொஞ்சம் கறுத்திருக்கிறாள், நீச்சல் போலிருக்கிறது. அங்கேயும் அவர் வாங்கியிருப்பது கரண்ட் வண்டிதானாம்.

"எப்படி எடுக்கிறார்?"

"அய்யோ, ஜிவ்வுன்னு எடுப்பாருப்பா. அம்மா கத்துவாங்க."

"உனக்கு? வாந்தி?"

"ஒரு தடவகூட வரலப்பா!" என்றாள், பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி.

ரொம்ப நல்லதுடா என்றேன். நல்லதுதான். அதற்குத்தானே இவ்வளவும். அவரை நான் விசாரித்ததாகச் சொல்லு என்றேன். யாரோ பின்னால் கூப்பிட்டார்கள், போகணும்ப்பா என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் டிப்போவுக்குப் போன் பண்ணி, இனிமேல் எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் ட்யூட்டி போடுங்க என்று சொன்னேன். மேனேஜர் ரெண்டு தடவை கேட்டார், நிஜமாவா என்று. பதினொரு மணிக்கே ஒரு சவாரி கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு, கையில் பச்சைக் குழந்தையோடு ஒரு புருஷன் பெண்டாட்டி. போனேன்.